டீசல் மண்ணும் ஒரு சீலா மீனும்

மண் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்புகிறவர்களுக்காக எங்கள் நிறுவனத்தில் ஒரு வழிமுறைக் கையேடு உண்டு. மாதிரிக் குப்பிகளை வைக்கும் ஐஸ்பெட்டியில் 'உணவுப் பொருள் எதுவும், குறிப்பாக மீன், வைக்கக் கூடாது' என்று அதில் ஒரு வரி. உலகத்தின் வேறெந்தக் கையேட்டிலும் 'குறிப்பாக மீன்' இருக்க வாய்ப்பில்லை. அந்த இரண்டு சொற்களும் என்னால் வந்தவை. ஒரு முழு ஆயுள் உழைத்து நான் இந்தத் துறைக்கு விட்டுவந்த நிரந்தரப் பங்களிப்பு அவ்வளவுதான்.

போன மாதம், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அனுபவம் சொல்ல வாருங்கள் என்று அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவனை இப்படி அழைத்தால் அவன் போகக் கூடாது. போனேன். காயல்பட்டினத்துப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், ஏன் 'குறிப்பாக மீன்'? ஆட்டுக்கறி வச்சா பரவாயில்லையா?" என்று கேட்டாள். "அதெல்லாம் நடைமுறையில் உருவான விதிம்மா" என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன். பேச்சை மாற்றுவதற்காக, "இப்போ எல்லாரும் அந்த விதியை ஒழுங்கா கடைப்பிடிக்கிறீங்களா?" என்றேன்.

"ஆமா சார். மீனுக்குத் தனிப் பெட்டி வச்சிருக்கோம்" என்றாள். மற்றவர்களும் பெருமையாகத் தலையாட்டினார்கள்.

அன்று தண்ணீரோடு விழுங்கியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம். மண்ணில் கால் படாத வேலைக்குப் போக வேண்டும் என்று அப்பா என்னைப் பொறியியல் படிக்க வைத்தார். படித்து முடித்து, ஆயுள் முழுக்க மண்ணைத் தோண்டினேன். முதல் சில வருஷங்கள் சாக்கடைத் தண்ணீரை அளந்தேன், புகைக்கூண்டுக்குக் கீழே நின்று இருமினேன். பிறகு, எண்ணெய் கசிந்து கெட்ட மண்ணைச் சோதித்துச் சுத்தம் செய்யும் எஸ்தர் மேடத்திடம் போய்ச் சேர்ந்தேன். என் பயிற்சி அங்கேதான் தொடங்கியது. முடிந்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

மேடத்துக்குச் சாயர்புரம். வேதியியல் படித்தவர். வெயிலுக்கு ஒரு கறுப்புக் குடை, தோளில் ஒரு துணிப்பை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவர் கோபத்துக்கு மூன்று படிகள் இருந்தன. முதல் படி, "அப்படியா?" இரண்டாவது, "சரி." மூன்றாவது, "ஜெபம் பண்ணிக்கிடுங்க." மூன்றாவது படியைப் பார்த்த ஒப்பந்தக்காரர்கள் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. உண்மையிலேயே ஜெபம் பண்ணப் போய்விட்டார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் தொழிலில் எல்லோரும் மண்ணை மோந்து பார்ப்பார்கள். கூடாது என்று விதி. ஆனாலும் கை தன்னால் மூக்குக்குப் போகும். துளை போடுகிற ஆலந்தலை மிக்கேல் மோந்து பார்த்தே, "இது டீசல் சார், பழசு" என்பான். மேடம் காதில் விழுந்தால், "மிக்கேல், உங்க மூக்கு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுமா?" என்பார். அவன் கையைக் கீழே இறக்குவான். அவர் குடை திரும்பியதும் நான் மோந்து பார்ப்பேன்.

இனி, அந்த டீசல் யார்டு.

துறைமுகச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, லாரிகளுக்கு டீசல் தேக்கி வைக்கும் ஒரு தனியார் இடம். பின்சுவரை ஒட்டி உப்பளம். எங்கள் ஊர்க் காற்றில் இரும்பு என்பது கொஞ்சம் கெட்டியான பிஸ்கெட். பூமிக்குள் போன குழாய் ஒன்று இணைப்பில் அரித்து, எவ்வளவு காலமாகவோ சொட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தது, பக்கத்து அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த தவசிமுத்து அண்ணாச்சிக்குத்தான். அவர் போர் போட்டு, நிலத்தடி உப்புத்தண்ணீரை இறைத்துப் பாத்தியில் காயவைத்து உப்பு வாருகிறவர். சீசன் தொடங்கிய புதிதில், ஒரு சர்பத் பாட்டிலில் தண்ணீரோடு யார்டு வாசலில் வந்து நின்றார். தண்ணீர் மேல் வானவில் மிதந்தது.

"சார், இது என் போரு தண்ணியா, உங்க லாரித் தண்ணியா? தெரிஞ்சாச் சொல்லுங்க. லாரி வாங்கிருதேன்."

எங்களைக் கூப்பிட்டார்கள். யார்டு மேனேஜர் நாங்கள் வருவதற்கு முன்பே ஒரு வரைபடம் தயாரித்து, எண்ணெய் கடலைப் பார்த்துப் போவதாக அம்புக்குறியும் போட்டு வைத்திருந்தார். "தண்ணி பள்ளத்துக்குத்தான மேடம் ஓடும்? கடல்தான் பள்ளம். அண்ணாச்சி பக்கம் ஏன் போவுது?"

"அப்படியா?" என்றார் மேடம்.

யார்டு முழுக்கக் கட்டம் போட்டுத் துளை போட்டோம். இதில் மேடத்தின் முதல் விதி: சுத்தமான இடத்தில் ஆரம்பித்து அழுக்கான இடத்தில் முடிக்க வேண்டும். தலைகீழாகப் போனால் அழுக்கை நாமே சுமந்துகொண்டு போய்ச் சுத்தமான மண்ணில் வைப்போம். பிறகு அதை நாமே கண்டுபிடித்து அதிசயப்படுவோம். ஒவ்வொரு துளைக்கும் புதுக் கையுறை. துளைக் கருவியைச் சோப்புப் போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, காயவிட்ட பிறகுதான் அடுத்த துளை. மண்ணைக் குப்பியில் விளிம்புவரை திணிக்க வேண்டும். மேலே காற்று நின்றால் எண்ணெய் ஆவியாகி அந்த இடத்துக்குப் போய்விடும். மண் யோக்கியன் வேஷம் போடும். மூடி, லேபிள், ஐஸ். சூடானாலும் ஆவி ஓடிவிடும், அதனால் லேபுக்குப் போய்ச் சேரும்வரை குளிர்ச்சி குறையக் கூடாது. பெட்டியைச் சீல் வைக்க வேண்டும். வழியில் யார் கையில் இருந்தாலும் ஒரு தாளில் கையெழுத்து. ஒரு மணமகளைக்கூட நம் வீடுகளில் இவ்வளவு ஜாக்கிரதையாக அனுப்புவதில்லை.

மேனேஜர் தினமும் வந்து நின்று, "மண்ணுதான சார், ஏன் இந்தப் பாடு?" என்பார். எனக்கும் மனசுக்குள் அதே கேள்விதான். சம்பளம் வாங்குகிறவன் அதை வாய்விட்டுக் கேட்க முடியாது.

அண்ணாச்சியின் பம்பு ஓடும்போது ஒருமுறை, நிறுத்தியபின் ஒருமுறை என்று, துளைகளில் குழாய் இறக்கிச் செய்த சோதனைக் கிணறுகளில் நீர்மட்டம் அளந்தார் மேடம். பம்பு நின்றால் தண்ணீர் மெல்லக் கடல் பக்கம் சரிந்தது. ஓடினால், யார்டுக்கு அடியில் இருந்த தண்ணீர் அப்படியே திரும்பி அண்ணாச்சியைத் தேடிப் போனது. மேனேஜரின் அம்புக்குறியை மேடம் அடிக்கவில்லை. பக்கத்தில் எதிர்த்திசையில் இன்னொன்று போட்டு, 'உப்பு சீசன்' என்று மட்டும் எழுதினார்.

இதன் பலன் என்ன தெரியுமா? மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் சுத்தம் என்று லேப் சொல்லும்வரை அண்ணாச்சி பம்பு போடக் கூடாது என்று அரசு அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இழுத்தால் எண்ணெய் பரவும், அதனால். நியாயம்தான். அந்த நியாயத்தை அவரிடம் சொல்லும் வேலை எனக்கு.

அவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். தலைத்துண்டை எடுத்து உதறினார். "களவு போனது என் வீட்டுல. பூட்டுப் போட்டதும் என் வீட்டுக்கா? நல்லாருக்கு சார் உங்க நாயம்."

"சீசன் முடியறதுக்குள்ள முடிச்சிருவோம் அண்ணாச்சி."

"ஒரு வாரலு வாரிட்டேன்னாப் போதும் சார். உப்புக்காகச் சொல்லல. எங்கிட்ட வேல பாக்குற பொம்பளையளு இருக்காவ. வருசா வருசம் எங்கிட்டதான் வருவாவ. இந்த வருசம் கை நனையலேன்னா, அடுத்த அளத்துக்குப் போயிருவாவ. போனவுகள நான் எந்த மூஞ்சிய வச்சித் திரும்பக் கூப்பிட?"

மழைக்கு முன் ஒரே ஒரு வாரல். அவருக்குத் தேவை அதுதான்.

தோண்டினோம். குழாயைப் பிடுங்கினோம். கிணற்றில் மிதந்த எண்ணெயை உறிஞ்சி எடுத்தோம். தோண்டிய மண்ணைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பின் மேல் நீள நீளமாகக் குவித்து, மட்கிய எருவும் யூரியாவும் கலந்து, தண்ணீர் தெளித்து, அவ்வப்போது புரட்டினோம். மண்ணிலேயே இருக்கும் கிருமிகள் எண்ணெயைத் தின்று தீர்க்கும். நாம் செய்ய வேண்டியது அதுகளுக்குக் காற்றும் ஈரமும் உரமும் கொடுப்பதுதான். எரு என்றதும் எனக்குள் இருந்த விவசாயி விழித்துக்கொண்டான். குவியலுக்குக் குவியல் குனிந்து பிடித்துப் பார்த்து, "ஈரம் காணாது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். மேனேஜர், "என்ன சார், நெல்லா போடப் போறிய?" என்றார்.

தண்ணீரில் ஒரு சிக்கல். உப்புத்தண்ணீர் தெளித்தால் கிருமிகள் கருவாடாகிவிடும். ஆற்றுத்தண்ணீர்தான் வேண்டும் என்று சொல்லி லாரி அமர்த்தினோம். எங்கள் பக்கம் தண்ணி லாரிக்காரரிடம் ஆற்றுத்தண்ணீர் கேட்பது, கேட்பவர் மனத்திருப்திக்காக மட்டுமே. மேடம் ஒவ்வொரு லாரியிலும் உப்பை அளக்கும் மீட்டரை முக்கிப் பார்த்தார்.

"சத்தியமா தாமிரவருணித் தண்ணி மேடம்" என்றார் ஓட்டுநர்.

"சத்தியத்துக்கு மீட்டர்ல அளவு கிடையாது. கொண்டு போங்க" என்றார் மேடம். லாரி திரும்பிப் போய், நிஜமான தண்ணீரோடு வந்தது. அதே ஓட்டுநர், அதே சத்தியம்.

அண்ணாச்சி காலையில் சுவர் மேல் முழங்கையை ஊன்றி நிற்பார். நான்தான் ஒருநாள் பெருமைக்காகக் கிருமிக் கதையை அவருக்கு விளக்கிச் சொல்லியிருந்தேன். அதிலிருந்து, வீட்டு மாட்டை விசாரிப்பது போல விசாரிப்பார்.

"என்ன சார், கிருமி சாப்ட்டுச்சா?"

"சாப்பிடுது அண்ணாச்சி."

"மெதுவாத்தான் திங்கிது போலிருக்கு. ஊறுகா ஏதும் வேணுமான்னு கேளுங்க."

ஆவணி வாக்கில் மண்ணில் டீசல் வாடை போய், மண்வாடை வந்தது. (மோந்து பார்த்தேன்.) கடைசி மாதிரி எடுத்தோம். குழி, குவியல், கிணறு என்று எல்லாவற்றிலும். இது சரியென்று லேப் சொன்னால் பம்பு ஓடும்; மழைக்கு முன் ஒரு வாரல் நிச்சயம். அன்று மதியம் மேடத்துக்குச் சாகுபுரத்தில் ஒரு கூட்டம். கிளம்பும்போது, "சங்கரலிங்கம், சீல் நீங்களே வச்சிருங்க" என்றார். அதுவரை அந்த வேலையை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. பட்டம் வாங்கினபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

அந்தச் சந்தோஷத்தை வீட்டுக்குப் போன் செய்து சொன்னதுதான் தப்பு.

"சென்னைக்கா போவுது பெட்டி?" என்றாள் என் மனைவி கோமதி. "அப்ப தம்பிக்கு ஒரு சீலா வச்சி விடுங்க. பாவம், அங்கன நல்ல மீனே கெடைக்கலயாம். பெட்டி சும்மாத்தான போவுது."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரிலிருந்து ஓர் ஐஸ்பெட்டி சென்னைக்குப் போகிறது, அதில் மீன் இல்லை என்றால், விருந்தாளியைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்பியதற்குச் சமம். மிக்கேலை அனுப்பினேன். திரேஸ்புரத்துக் கரையில் வந்து இறங்கிய சீலா. தலையும் வாலும் நீக்கி, துண்டு போட்டு, பாலிதீனில் சுற்றி வாங்கி வந்தான். பெட்டியில் இடமில்லை. கொஞ்சம் ஐஸை எடுத்து வெளியே கொட்டினேன். நான் பொறியாளன்; கணக்குப் போடாமல் எதுவும் செய்வதில்லை. ஐஸில் கிடந்த மீன் ஐஸ் போலத்தான் சில்லென்று இருக்கிறது. ஆகவே மீனும் ஒருவகை ஐஸ்தான் என்று கணக்குப் போட்டேன்.

மிக்கேல் தலையைச் சொறிந்தான். "சார், மேடம்..."

"மேடம் சாகுபுரத்துல இருக்காங்க."

"சாகுபுரத்துல இருந்தாலும் மேடந்தான சார்."

சீல் வைத்தேன். தாளில் கையெழுத்துப் போட்டேன். பெட்டி ஆம்னி பஸ் ஏறியது. பெட்டியை லேப் ஆள் திறக்கும்போது மச்சினன் கூடவே நின்று பொட்டலத்தை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. மச்சினன் தூங்கிப்போனான். பஸ் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் டயர் வெடித்து நின்றது. ஐஸ் உருகியது. மீன் உருகாது, ஐஸுக்கும் மீனுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

மறுநாள் லேபிலிருந்து போன், தாளில் எண் இருந்ததால் நேரே மேடத்துக்கு. நானும் எதிரில் இருந்தேன். மேடம் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், உங்க பெட்டியில ஒரு மாதிரிக்கு லேபிள் இல்ல."

"எது?"

"நடுத்துண்டு மேடம்."

மேடம் என்னைப் பார்த்தார். பிறகு அந்த ஆள், பெட்டிக்குள் வெப்பம் வரம்பைத் தாண்டிவிட்டது, மீன் தண்ணீர் ஊறி லேபிள்களும் கரைந்துவிட்டன, எந்தக் குப்பியையும் சோதிக்க முடியாது, எல்லாவற்றையும் மறுபடி எடுத்து அனுப்புங்கள் என்றார்.

"அப்படியா" என்றார் மேடம். போனை வைத்தார். "சரி" என்றார். அடுத்த படிக்காகக் காத்திருந்தேன். ஜெபமாவது மிஞ்சும் என்று நினைத்தேன். மேடம் குடையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"வெயிலா இருக்கு. அண்ணாச்சிக்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க."

அந்தச் சுவர்வரை குடை பிடித்துக்கொண்டு நடந்தேன். அண்ணாச்சி அந்தப் பக்கம் பாத்தி வரப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். பம்பு ஓடப்போகிறது என்று அவருக்கு நம்பிக்கை. கூடவே நாலைந்து பெண்கள் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். தொழில்நுட்பக் காரணம், வெப்பநிலை, லேபிள் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"சுத்தி வளைக்காதிய சார். என்ன நடந்துச்சு?"

"பெட்டியில மீன் வச்சிட்டேன் அண்ணாச்சி."

"என்ன மீனு?"

"சீலா."

மண்வெட்டியைக் கீழே போட்டார். "ஏளா, இங்க வாங்களா எல்லாரும்! சார் சொல்லுதத கேளுங்க. நம்ம உப்பு ஏன் லேட்டுன்னு சார் சொல்லுதாரு."

திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. அவர்களில் மூத்த பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சிரிப்பா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. "நாலு காசுச் சாள மீனுன்னாகூட மன்னிச்சிரலாம்" என்றாள். "சீலாவாம்லா."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "மழ வாரதுக்குள்ள எடுத்து அனுப்புங்க சார்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மறுபடி முதலிலிருந்து: சுத்தமான இடத்தில் தொடங்கி, கையுறை மாற்றி, கருவி கழுவி. இந்த முறை சீல் மேடம் வைத்தார். பெட்டியோடு பயணம் செய்யும் பொறுப்பு எனக்கு. வெளியே ஒட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே சென்னை போனேன். பக்கத்து சீட்டுக்காரர் ஆசையாகக் கேட்டார். "என்ன மீன் அண்ணாச்சி?"

"மண்ணு."

"மண்ணுக்கு எதுக்கு ஐஸ்?"

"கெட்டுப் போயிராம இருக்க."

அவர் எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டார்.

லேபில் பெட்டியை வாங்கிக்கொண்டவர், அந்த நடுத்துண்டு ஆள்தான். "போன பெட்டியில வந்த உபரிப் பொருளை விதிப்படி அப்புறப்படுத்திட்டோம் சார்" என்றார். பிறகு குனிந்து மெல்ல, "குழம்பு பிரமாதம்" என்றார். மச்சினனுக்கு அன்றிலிருந்து எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன்தான் போகிறது. அதற்கு ஐஸ் தேவையில்லை. குழம்புக் கதையை ஊர் திரும்பி மிக்கேலிடம் சொன்னேன்; மறுநாளே அது சுவருக்கு அந்தப் பக்கமும் போய்விட்டது.

முடிவு வந்தது. மண் சுத்தம், தண்ணீர் சுத்தம். தெம்பு வந்து மேடத்திடம் ஒரு வாதம் வைத்தேன். "மேடம், ஒருவகையில் பார்த்தா அந்த மீனாலதான் கிருமிகளுக்குக் கூடுதல் அவகாசம் கிடைச்சுது. மொதல்ல அனுப்பினது பெயிலாகியிருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம்" என்றார் மேடம். "பாஸாகியும் இருக்கலாம். டெஸ்ட் பண்ணாதத பத்தி நாம பேசுறதில்ல."

அடுத்து, பம்பு போடலாம் என்று அந்த அரசு அலுவலகத்திலிருந்து கடிதம் வர வேண்டும். லேப் முடிவு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்வதைப் பார்த்தபோது, எங்கள் கிருமிகள் எவ்வளவு சுறுசுறுப்பு என்று புரிந்தது. கடிதம் வந்த அன்றே அண்ணாச்சி பம்பைப் போட்டார். தண்ணீர் சுத்தமாக வந்தது, வானவில் இல்லை. பாத்தி நிரம்பியது, காய்ந்தது, ஓரத்தில் வெள்ளை கட்டத் தொடங்கியது. இன்னும் சில நாள் வெயில் போதும். மிக்கேலும் நானும் தினம் வானத்தைப் பார்த்தோம். கடல் பக்கம் கறுத்தது. ஐப்பசி பிறக்கக்கூட இல்லை. அந்த வருஷம் மழைக்கு அவசரம். ஒரு பகல் முழுக்கப் பெய்தது. வெள்ளை இருந்த இடத்தில் கலங்கல் தண்ணீர் நின்றது.

அடுத்த சீசனில் அவரிடம் இரண்டு பெண்கள் மட்டுமே திரும்பி வந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. முந்தானையை வாயில் வைத்த அந்த மூத்தவள் வரவில்லை.

மழை விட்ட மறுநாள், கருவிகளை ஏற்றிக்கொண்டு யார்டை விட்டுக் கிளம்பும்போது, சொல்லிக்கொள்ளச் சுவரோரம் போனேன். அண்ணாச்சி வழக்கம்போல முழங்கையை ஊன்றி நின்றார். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று, "எப்படியோ அண்ணாச்சி, மண்ணு சுத்தமாயிட்டு. அது பெரிய வேலை" என்றேன்.

அவர் குழி மூடிய இடத்தைப் பார்த்தார். பிறகு தன் பாத்தியைப் பார்த்தார். பிறகு என்னை.

"டீசல கிருமி தின்னுட்டு. சீலாவ லேபுக்காரன் தின்னுட்டான். என் உப்ப மழ தின்னுட்டு. எல்லாரும் அவங்கவங்க வேலையச் செஞ்சிட்டாவ. நீங்க இங்கன இருந்து என்னதான் சார் செஞ்சிய?"